வலது காதுக்குப் பின்னால் ஒரு சரிவு

அன்று அந்தச் சலவை அறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள், அவளோடு ஒரே அறையில் தங்கிப் படிக்கும் 'ஸ்பிரிங்' என்ற பெண், கழுத்தில் துணியோடு நாற்காலியில் அகப்பட்டுக்கொண்ட 'ஒட்டகம்' என்ற பையன், எங்களைக் கூப்பிட வந்த விடுதி வார்டன் அம்மா. வாசலில் நின்று எட்டிப் பார்த்த மாணவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் பார்த்தது பாதி. மீதி ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டது. இந்த ஏழு பேரைத் தவிர வேறு யார் அன்று நடந்ததைப் பற்றிச் சொன்னாலும் அது அவரவர் சொந்தச் சரக்கு. எங்கள் உறவுக்காரர்களிடம் சொந்தச் சரக்குக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது முடிதிருத்தும் கடை. அப்பா தொடங்கியது. அப்போது கடை மிகவும் குறுகல். சுழலாத மர நாற்காலி ஒன்று, அதன் வலப்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அந்தப் பக்கம் ஆள் நுழைய முடியாது. அப்பா பின்னால் நின்றபடியே கையை நீட்டி, கத்திரியின் நுனியால் வலது காதுக்குப் பின்னால் சாய்வாக வெட்டி முடிப்பார். அங்கே மட்டும் ஒரு சின்னச் சரிவு விழும். அவரிடம் பழகியதால் என் கையும் தம்பி கையும் அப்படியே அமைந்துவிட்டன. பிறகு சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்கினோம். சுழலும் நாற்காலிகள் போட்டோம். சரிவு மட்டும் போகவில்லை. கூட்டத்தில் ஒரு தலையைப் பின்னாலிருந்து பார்த்தால் போதும், அது எங்கள் கடையில் குனிந்த தலையா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் தொழிலுக்கு வந்துவிட்டார் என்பதற்குச் சான்றிதழ் கிடையாது. வீட்டின் பெரியவர் அவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிய வேண்டும். அவ்வளவுதான். அப்பா எனக்கு முன் குனிந்தார். பிறகு தம்பிக்கு முன் குனிந்தார். அப்பாவுக்குப் பிறகு பெரியவன் நான். தம்பி ஒருவனிடம்தான் தலையைக் கொடுத்திருக்கிறேன். கடையில் மூன்றாவது நாற்காலியைப் பார்த்துக்கொள்பவர் நல்ல கைக்காரர். அவருக்காகக்கூட நான் குனிந்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் கத்திரியைத் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. தொடலாமா என்று யாரும் கேட்டதும் இல்லை.

தம்பி மகளுக்கு இடம் கிடைத்தது சாதாரணப் பல்கலைக்கழகம் அல்ல. வரிசையில் நிற்பவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களை மட்டும் உள்ளே விடுகிற தனியார் பல்கலைக்கழகம். விண்ணப்பத்தோடு குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். "கஷ்டத்த நல்லா எழுதும்மா, அதுக்குத்தான் அங்க மதிப்பு" என்று அவளுடைய பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆலோசனை சொன்னார். எனக்கு உச்சி முதல் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கு என்ன கஷ்டம்? சொந்தக் கடை, சொந்த வீடு, தினமும் தேய்த்த சட்டை. அவள் கட்டுரையில் முடி ஏன் சுருள்கிறது என்று எழுதினாள். வேதியியலில் சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம். இரக்கத்துக்குக் கிடைத்தது அல்ல.

அவள் கிளம்பும்போது நான் ஒன்றுதான் சொன்னேன். "அங்க போய்ப் புத்தகத்த மட்டும் தொடு. கத்திரியத் தொட்டேன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே வந்து பெட்டியக் கட்டிக் கூட்டிட்டு வந்துடுவேன்."

இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தொழிலைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. ஆனால் படிக்கப் போன இடத்தில் கூடப் படிக்கிறவர்களின் தலையைத் தொட்டுவிட்டால், பிறகு அவர்கள் அவளைக் கூடப் படிக்கிறவளாகப் பார்க்க மாட்டார்கள். கூப்பிட்டால் வருகிற ஆளாகப் பார்ப்பார்கள். இது என் கணக்கு.

இரண்டாம் ஆண்டில் விடுதியின் குடும்ப நாளுக்கு அழைப்பு வந்தது. அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். அன்றைக்கு யாரும் தன் குடும்பத்தைத் தானே அறிமுகம் செய்துவைக்கக் கூடாது. அறையில் கூடத் தங்குகிறவர்தான் செய்துவைக்க வேண்டும், அதுவரை தன் காதில் விழுந்ததை வைத்து. எந்த வீட்டுப் பெண்ணோ மேடையில் ஏறி, 'பாவம், இவங்க…' என்று தொடங்கினால் என்ன செய்வது? அப்படித் தொடங்கினால் எழுந்து வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நான் கிளம்பினேன்.

"மாமா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி வாங்க. கோர்ட்டுல சாட்சி சொல்லப் போற மாதிரி இருக்கு" என்றாள் தம்பி மனைவி, விடுதி வாசலில்.

"சட்டை கசங்கும்" என்றேன்.

"சிரிச்சா சட்டை எப்படி மாமா கசங்கும்?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவன் சட்டை அப்போதே கசங்கித்தான் இருந்தது.

மாடியில் நீளமான நடை. இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஏதாவது ஒட்டியிருந்தார்கள்: கையால் வரைந்த வரைபடம், யாருடைய வீட்டு நாயின் படமோ ஒன்று, 'உள்ளே தூங்குகிறேன், தட்டாதே, சரி தட்டு' என்று ஓர் அட்டை. நடைக்கு நடுவில் பெரிய பலகை. அந்த மாடியில் இருப்பவர்களின் மொழிகளில் எல்லாம் 'வாங்க' என்று எழுதியிருந்தது. எங்கள் எழுத்தும் இருந்தது. பழக்கமில்லாத யாரோ பார்த்து வரைந்த கை. எங்கள் பெண் எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால் அவளுக்காக வேறு யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தது. அதில் பேசியதை எனக்குப் புரிந்தபடி நம் பேச்சில் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லா நிறத்திலும் இருந்தார்கள், எல்லா உயரத்திலும் இருந்தார்கள். எங்கள் பெண் போனில் சொன்ன அடையாளங்களை வைத்துத் தம்பி மனைவி மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டே வந்தாள். கிழிந்த செருப்போடு போகிறவனின் அப்பாவுக்கு மூன்று ஊர்களில் ஆஸ்பத்திரி. கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டுக்கொண்டு தேய்த்த சட்டையில் போகிறவனின் அப்பா பஸ் ஓட்டுகிறார்.

"அண்ணே, இங்க செருப்பப் பாத்து ஆள முடிவு பண்ண முடியாது போல" என்றான் தம்பி.

"தலையப் பாரு" என்றேன்.

சொல்லிவிட்டு நானே பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை.

தட்டில் கேக் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போன ஒருத்தியின் வலது காதுக்குப் பின்னால் ஒரு சரிவு. தற்செயல் என்று நினைத்தேன். கிழிந்த செருப்புக்காரன் குனிந்து பந்தை எடுத்தான். அவனுக்கும் அதே இடத்தில், அதே சாய்வு. தேய்த்த சட்டைக்காரனுக்கும் அதே. நடையின் கடைசிவரை பார்த்தேன். எங்கள் கடையில் ஒருநாளும் கால் வைக்காத தலைகள், எங்கள் கடைத் தலைகளாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

தம்பியைப் பார்த்தேன். அவன் கூரையில் இருந்த விளக்கை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது யாரோ ஒரு பெண் படிக்கட்டிலிருந்து கத்தினாள். "மாஸ்டர் எங்கப்பா? எனக்கு முன்னாடி இன்னும் எத்தன பேரு?"

"சலவை ரூம்ல! ஒட்டகம் உக்காந்திருக்கு!"

கடைக்கு வருகிறவர்கள் எங்களை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சலவை அறை எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. சத்தம் வந்த திசையில் நடந்தேன்.

சுவரோரமாகத் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. சோப்பு வாசனை. கொடியில் ஜோடி சேராத காலுறைகள். நடுவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய சுழல் நாற்காலி, கைப்பிடியில் டேப் சுற்றியது. அதில் முட்டி மார்பில் இடிக்கும்படி ஒரு நெட்டையான பையன் உட்கார்ந்திருந்தான். ஒட்டகம் என்ற பெயரை யார் வைத்திருந்தாலும் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிப் படுக்கை விரிப்பு. அவனுக்குப் பின்னால், முன்தானையைப் போல ஒரு துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் பெண். அவள் கையில் இருந்தது எங்கள் அப்பாவின் கத்திரி. சாணைக்குக் கொடுத்திருப்பதாகத் தம்பி சொன்னானே, நானும் ஒவ்வொரு மாதமும் 'சாணைக்காரன் செத்தா போனான்?' என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்தக் கத்திரி.

அவள் என்னைப் பார்த்தாள். கத்திரி பாதி திறந்தபடி நின்றது.

"கீழ வை" என்றேன்.

"பெரியப்பா…"

"கீழ வைன்னு சொன்னேன்."

வைத்தாள். ஒட்டகம் விரிப்புக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து எனக்கு வணக்கம் வைத்தான். "அங்கிள், நான் எழுந்திரிக்கவா, இல்ல இப்படியே இருக்கவா?"

அவன் தலையில் இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கம் தொடவே இல்லை.

"ஐயோ கண்ணு, பாதி பாய் சுருட்டுன மாதிரி இருக்கியே" என்றாள் தம்பி மனைவி.

நான் பெண்ணிடம் பேசினேன். குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டில் குரலை உயர்த்துவது என் வழக்கம் அல்ல. "உன்னை எதுக்கு அனுப்பினோம்? இவங்களோட சமமா உக்காந்து படிக்க. நீ என்னடான்னா இவங்க உக்கார, பின்னாடி நின்னுட்டு இருக்க. அதுவும் ஆம்பளப் பசங்க தலையில கை வெச்சுக்கிட்டு. இதுக்கு நம்ம கடையே போதாதா? கிளம்பு. பெட்டியக் கட்டு."

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் பேசியது அவள் அல்ல. கொடிக்குப் பின்னாலிருந்து சுருள் சுருளாகப் பெரிய தலைமுடியோடு ஒரு பெண் வந்தாள். அதுதான் கூடத் தங்கும் ஸ்பிரிங். "அங்கிள், இது சும்மா இல்ல. இங்க உக்காந்தா விலை குடுக்கணும்."

"காசு வாங்குறியா?" என்றேன். என் காதே சுட்டது.

"காசு இல்ல பெரியப்பா" என்றாள் எங்கள் பெண். "வீட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும். இங்க வேற யாருக்கும் தெரியாத ஒண்ணு. பெருசா இருக்கணும்னு இல்ல. அதான் விலை."

"நான் குடுத்துட்டேன்" என்றான் ஒட்டகம். "எங்கப்பாவுக்குக் கப்பல் கம்பெனி. ஆனா அவருக்கு நீச்சல் தெரியாது. குளத்துல படகுல ஏறினாலே வாந்தி." பிறகு பயந்துபோய், "அங்கிள், இது வெளிய போகக் கூடாது" என்றான். (அவனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கிறேன். 'பேரு போடலன்னா சரி' என்றான்.)

"எங்கம்மா ஜட்ஜ்" என்றாள் ஸ்பிரிங். "வீட்டுல நானும் தம்பியும் சண்டை போட்டா, விசாரிச்சிட்டுத் தீர்ப்பத் தள்ளி வெச்சிடுவாங்க. போன வருஷச் சண்டைக்கே இன்னும் தீர்ப்பு வரல."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. "இதையெல்லாம் சாப்பிடும்போது பேசிக்கக் கூடாதா? கத்திரி எதுக்கு?"

எங்கள் பெண் என்னை நேராகப் பார்த்தாள். சின்ன வயதில் கடை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து நாங்கள் வெட்டுவதைப் பார்ப்பாளே, அதே பார்வை. "சாப்பிடும்போது பேச முடியல பெரியப்பா. முதல் பருவம் முழுக்க யாரும் என்கிட்ட தப்பா ஒரு வார்த்தை சொல்லல. ஆனா எல்லாரும் எந்த ஸ்கூலு, லீவுக்கு எந்த ஊருன்னு பேசுவாங்க. எனக்கு நடுவுல நுழையத் தெரியாது. வாய் வராது. தலையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"பெட்டியக் கட்டி வெச்சுட்டுப் போன் பண்ணினா மாமா" என்றாள் தம்பி மனைவி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "வந்து கூட்டிட்டுப் போயிடுங்கன்னு அழுதா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பீங்க."

ஏறித்தான் இருப்பேன்.

மிச்சத்தை ஸ்பிரிங் சொன்னாள். அந்தச் சமயத்தில் ஸ்பிரிங்கின் சுருள் முடியை வெட்ட அந்த வட்டாரத்தில் ஆள் கிடைக்கவில்லை. போன இடத்தில் எல்லாம், 'இந்த முடிக்கு எங்களுக்குப் பழக்கமில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். அறைக்கு வந்து அழுதிருக்கிறாள். அழுகிற இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும்? எங்கள் பெண் எழுந்து, 'நான் பாக்கட்டுமா?' என்று கேட்டிருக்கிறாள். அந்த மாதிரி முடியை அவள் அதற்குமுன் தொட்டதே இல்லை. ஸ்பிரிங்கின் சித்தி போனில் ஒவ்வொரு சுருளாகச் சொல்லிக் கொடுக்க, இவள் வெட்டினாளாம். நனைக்கக் கூடாதாம், சீவக் கூடாதாம், ஒரு சுருள் எங்கே திரும்புகிறதோ அங்கே வெட்ட வேண்டுமாம். "நடுவுல ஒரு எடத்துல குழி விழுந்துடுச்சு" என்றாள் ஸ்பிரிங், பெருமையாக. "ஒரு மாசம் தொப்பி போட்டேன். அதுக்குள்ள நாங்க ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டோம்."

"கத்திரி?" என்று கேட்டேன், யாரையும் பார்க்காமல்.

"நான்தான் குடுத்தனுப்பினேன் அண்ணே" என்றான் தம்பி.

"சாணைக்குப் போச்சுன்னு சொன்னே."

"இங்க வந்துதான் கூர் ஏறிச்சு."

என் தம்பி அதிகம் பேசுகிறவன் அல்ல. என்னிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அது எதிர்ப்பா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன் பெரியப்பா" என்றாள் பெண். "உங்க பேச்ச மீறிச் செஞ்சது தப்புதான். ஆனா இத்தன பேர் இருக்கிற எடத்துல, இந்த நாற்காலிக்குப் பின்னாடிதான் எனக்கு நிக்க ஒரு எடம் கெடச்சுது. இத விட்டுட்டு இங்க இருக்க எனக்குத் தெரியல. அப்ப பெட்டியக் கட்டிடறேன். உங்க கையிலதான் இருக்கு."

இயந்திரங்களில் ஒன்று வேலையை முடித்துக்கொண்டு கூவியது. யாரும் போய்த் திறக்கவில்லை.

ஒட்டகம் மெதுவாகச் சொன்னான். "அங்கிள், நான் இப்படியே மேடைக்குப் போகணுமா? கப்பல்காரர் வந்திருக்காரு."

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்தவர் பாதித் தலையோடு எழுந்திருக்கக் கூடாது. வெளியே என்ன நடந்தாலும் சரி. ஒருமுறை பக்கத்துக் கடையில் தீப்பிடித்தபோதுகூட நான் கிருதாவைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆளை வெளியே அனுப்பினேன்.

"முடி. மத்தத அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவள் கத்திரியை எடுத்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். சீப்பைப் பிடித்தது என்னைப் போல. முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு நொடி தயங்கியது அவள் அப்பாவைப் போல. வேகம் போதாது. ஆனால் சத்தம் சரியாக இருந்தது. நல்ல கையா என்பதை எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கத்திரி மழைபோல ஒரே சீராகப் பேச வேண்டும். பேசியது. கடைசியில் வலது காது வந்தது. அவள் அந்தப் பக்கம் போகாமல், பின்னால் நின்றபடியே கையை நீட்டினாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன், அந்தப் பக்கம் சுத்தி வந்தா என்ன? இங்க என்ன சுவரா இருக்கு?"

"நீங்களும் சுத்தி வர மாட்டீங்களே பெரியப்பா" என்றாள். "நம்ம கடையிலயும் சுவரு இல்ல."

வாசலில் நின்ற பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். தம்பி மறுபடியும் கூரை விளக்கைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் வார்டன் அம்மா வந்தார். மண்ணியல் பேராசிரியராம். குட்டையாக வெட்டிய நரைத்த முடி. "எல்லாரும் மண்டபத்துக்கு வாங்க, இந்த மாடிதான் லேட்டு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டுத் திரும்பினார். அவருடைய வலது காதுக்குப் பின்னாலும் இருந்தது.

மண்டபத்தில் நாங்கள் இரண்டாம் வரிசை. மேடையில் ஒவ்வொருவராக ஏறி, கூடத் தங்குகிறவரின் குடும்பத்தைச் சொன்னார்கள். பஸ் ஓட்டுநரின் மகன், ஒட்டகத்தின் அப்பாவை அறிமுகம் செய்துவைத்தான். படகு விஷயத்தைச் சொல்லவில்லை; 'கடலைத் தூரத்திலிருந்து ரசிப்பவர்' என்று மட்டும் சொன்னான். எங்கள் மாடி முழுவதும் இருமியது. கப்பல்காரருக்கு ஏன் என்று புரியவில்லை.

பிறகு ஸ்பிரிங் ஏறினாள். நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன், 'பாவம்' என்று வந்தால் எழுந்துவிட வசதியாக.

"இது எங்க மாஸ்டரோட அம்மா. இவங்க கிண்டல் பண்ணாம யாருக்கும் சாப்பாடு போட மாட்டாங்க" என்றாள். "இது அப்பா. ரொம்பக் கம்மியாப் பேசுவாரு. ஆனா தேவைப்பட்ட அன்னைக்கு ஒரு கத்திரியப் பேப்பர்ல சுத்தி அனுப்புவாரு. இது பெரியப்பா. இவரு சட்டை கசங்கி நான் கேள்விப்பட்டதில்ல. பக்கத்துல தீப்பிடிச்சாலும் பாதி வெட்டோட யாரையும் எழ விட மாட்டாரு. ரேடியோவுல செய்தி வாசிக்கிறவரு தப்பா வாசிச்சா, ரேடியோவத் திட்டுவாரு."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தியவர்கள் யாரும் இல்லை. இதையெல்லாம் எங்கள் பெண் இத்தனை தூரத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ செய்தது.

ஸ்பிரிங் அத்தோடு இறங்கவில்லை. "இன்னும் ஒண்ணு. இவங்க வீட்டுல, பெரியவர் ஒருத்தர் முன்னால உக்காந்து தலை குனிஞ்சாத்தான் அவங்க மாஸ்டராம். அதனால எங்க மாஸ்டர் இன்னும் மாஸ்டர் ஆகல. நாங்களாத்தான் அப்படிக் கூப்பிடறோம். எங்களுக்குப் பரவாயில்ல. அவளுக்கு மட்டும் அது கொஞ்சம் உறுத்துது."

எங்கள் பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்லியிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறவர்கள் அல்ல.

நான் எழுந்தேன். வரிசையைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி வெளியே நடந்தேன். பின்னால் தம்பி மனைவி, "மாமா… மாமா, நில்லுங்க" என்று வருவது கேட்டது. கோபித்துக்கொண்டு போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்றுவரை சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் சலவை அறைக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். அந்த டேப் சுற்றிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவள் எங்கள் பெண். வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். வார்டன் அம்மாகூட, விழாவை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ தெரியவில்லை.

"என்ன பாத்துட்டு நிக்கிற?" என்றேன். "துணியப் போடு. காலரு நனையக் கூடாது."

துணியைப் போட்டாள். முடிச்சுப் போடும்போது அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. "இங்க ஒரு விலை இருக்கு பெரியப்பா" என்றாள். எனக்காகக்கூட அதை விட்டுக்கொடுக்கவில்லை. "வீட்டப் பத்தி ஒண்ணு. யாருக்கும் தெரியாதது."

நான் யோசித்தேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி வெளியே சொல்லக்கூடியதை எல்லாம் ஊர் அறியும். சொல்லக்கூடாததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"என் பிடரியில சீப்பு பட்டா எனக்குக் கூச்சம். சிரிப்பு வந்துடும்" என்றேன். "அது உங்கப்பனுக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் கடையச் சாத்தினதுக்கு அப்புறம் வெட்டிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல வளர்ப்பு.

"தலையக் குனிங்க பெரியப்பா" என்றாள் அவள்.

குனிந்தேன். சீப்பு பட்டது. சிரித்துவிட்டேன். தோள் குலுங்க, வாய்விட்டு. அதற்குப் பிறகுதான் அந்த அறை முழுவதும் சிரித்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தம்பி மனைவி, "மாமா, சட்டை கசங்குது!" என்றாள். பெண் மட்டும் சிரிக்காமல் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடாதீங்க. பாதில விட மாட்டேன்" என்றாள். கத்திரி மழைபோலப் பேசியது.

பக்கவாட்டில் நான் சொன்னதைவிட ஒட்ட வெட்டிவிட்டாள். அங்கே பிள்ளைகள் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்களாம். வலது காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சரிவு இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் கடைக்கு வந்தவர்கள் என் தலையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அடுத்த வாரத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது: பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனவரை மாணவர்கள் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, கிச்சுகிச்சு மூட்டி, ராகிங் செய்து, பையன்கள் வெட்டும் வெட்டை வெட்டி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் உறவில் ஒருவர் இதை நேரில் பார்த்ததுபோலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அங்கே இல்லை.

ராகிங் எதுவும் நடக்கவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன். தலையையும் நானாகத்தான் குனிந்தேன்.